தரையிலிருந்து தொடங்குகிற வீடு

டைல்ஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். அளவு, டிசைன் பெயர், உள்ளே எத்தனை டைல், எத்தனை சதுர மீட்டர் என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். அதற்குக் கீழே ஓர் ஓரத்தில் இன்னும் இரண்டு குறியீடுகள் இருக்கும். இத்தாலியிலிருந்து வந்த பெட்டி என்றால் 'தோனோ', 'காலிப்ரோ' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் அவை இருக்கும். தோனோ என்பது நிறச்சாயல். காலிப்ரோ என்பது மில்லிமீட்டர் கணக்கில் டைலின் உண்மையான அளவு. இருபது வருடங்களுக்கு முன்னால் அந்த இரண்டையும் நான் படித்ததே கிடையாது.

கோயம்புத்தூரில் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். தொழிலுக்கு வந்து நாலாவது வருடம், ஒரு வீட்டுக் கூடத்துக்கு இத்தாலிய டைல்ஸ் என்று முடிவானது. வெளிர் சாம்பல், 60-க்கு 60 சென்டிமீட்டர், மொத்தம் 1,100 சதுரடி. வேஸ்டேஜுக்கு 5 சதவீதம் சேர்த்து ஆர்டர் கொடுத்தேன். தூண்களைச் சுற்றியும் படிக்கட்டு ஓரத்திலும் நான் நினைத்ததைவிட வெட்டு அதிகமாகிவிட்டது. ஏறக்குறைய 60 சதுரடிக்குக் குறைந்தது. அதே ஆலை, அதே டிசைன் என்று கடைக்காரர் இரண்டு மாதம் கழித்து வரவழைத்துக் கொடுத்தார். ஒட்டும்போது வித்தியாசம் தெரியவில்லை. ஜாயின்ட் அடைத்துக் கழுவிவிட்ட மறுநாள் சாயங்காலம், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்த நேரத்தில் பார்த்தேன். முதலில் வந்தது சாம்பல். பிறகு வந்ததும் சாம்பல்தான், ஆனால் அதற்குள் மெல்லிய பாசி நிறம் ஓடியது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் கோடு கிழித்தாற்போல் இருந்தது.

மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு தோசையும் ஒரே மாவுதானுங்க மேடம். கல்லுச் சூடுதான் வேற" என்றார்.

வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூலையில் ஒரு பெரிய ஜமுக்காளத்தை விரித்துவிட்டார். ஆறு மாதம் கழித்துப் போனபோதும் ஜமுக்காளம் அங்கேயேதான் இருந்தது. அன்றைக்குத் திட்டியிருந்தால்கூட எனக்கு அத்தனை வலித்திருக்காது.

2017 செப்டம்பரில் பொலோனியா நகரத்துக்குப் போனேன். 1983 முதல் அங்கே வருடாவருடம் 'செர்சாயே' என்ற டைல்ஸ் கண்காட்சி நடக்கிறது. கண்காட்சி முடிந்ததும் சஸ்ஸுவோலோவுக்கு ரயில் ஏறினேன். மோடெனா மாவட்டத்தில், அப்பனைன் மலை சமவெளியில் இறங்குகிற இடத்தில் இருக்கிற சிறிய ஊர் அது. இத்தாலியின் டைல் உற்பத்தியில் ஐந்தில் நாலு பங்கு இந்த ஊரிலிருந்தும் பக்கத்தில் இருக்கிற ஃபியோரானோ முதலான ஊர்களிலிருந்தும்தான் வருகிறது. மலையடிவாரத்துக் களிமண்ணால் இங்கே மண்பாண்டத் தொழில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடே வீடு கட்டத் தொடங்கியபோது ஊர் முழுக்கச் சூளைகள் எழுந்தன. அந்த வேகத்துக்கு ஊர் விலையும் கொடுத்தது. 1970களில் மெருகுப் பூச்சுகளிலிருந்து வந்த ஈயமும், மண்ணிலிருந்து வந்த ஃப்ளோரினும் காற்றில் கலந்து தொழிலாளிகளை நோயில் தள்ளின. புகைபோக்கிகளில் வடிகட்டி வைக்கச் சட்டமும் தொழிற்சங்கமும் நெருக்கிய பிறகே அது அடங்கியது. பளபளப்பான டைலைக் கையில் எடுக்கும்போது அவர்களையும் நினைக்கத் தோன்றுகிறது.

ஆலைக்குள் நான் பார்த்ததைச் சொல்கிறேன். களிமண், ஃபெல்ட்ஸ்பார், மணல் மூன்றையும் தண்ணீரோடு சேர்த்து, பெரிய உருளைகளில் நம் வீட்டுக் கிரைண்டர்போல மணிக்கணக்கில் அரைக்கிறார்கள். அந்தக் கூழை உயரமான ஒரு கோபுரத்துக்குள், அனல் காற்றுக்கு நடுவே பீய்ச்சுகிறார்கள். கீழே விழும்போது ரவைபோல உருண்டு காய்ந்திருக்கிறது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்து ஓடும். அதை அச்சில் கொட்டி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ எடையில் அமுக்குகிறார்கள். அமுக்கியதும் டைல் உருவாகிவிடுகிறது, ஆனால் பிஸ்கட்போல உடைகிற டைல். அதன்மேல் பூச்சு, படம். பிறகு சூளை.

சூளை என்றதும் செங்கல் சூளையை நினைக்க வேண்டாம். நூறு மீட்டரையும் தாண்டி நீளமாகக் கிடக்கிற இரும்புக் குகை அது. உள்ளே உருண்டுகொண்டே இருக்கிற பீங்கான் உருளைகள்மேல் டைல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. நடுவில் வெப்பம் 1,200 டிகிரியைத் தொடும். ஒரு மணி நேரத்துக்குள் மறுமுனையில் கல்லாக வெளியே வருகின்றன. பழைய சூளைகளில் மண்ணை ஒரு தடவை சுட்டு, பூச்சு கொடுத்து, மறுபடி சுட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் மணிக்கணக்கில் ஆகும். மண்ணையும் பூச்சையும் சேர்த்து ஒரே தடவையில் சுடும் முறையை 1970களில் இங்கே மராட்ஸி ஆலை பெருமளவில் கொண்டுவந்தது. டைல் விலை சாதாரண வீட்டுக்கு எட்டும்படி இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சூளையில் டைல் ஏழெட்டு சதவீதம் சுருங்குகிறது. 60 சென்டிமீட்டர் டைல் வேண்டுமென்றால் 65-க்குப் பக்கத்தில் அமுக்க வேண்டும். வெப்பம் ஓரிடத்தில் சில டிகிரி கூடினால் சுருக்கம் கூடும், நிறமும் ஒரு இழை மாறும். அதனால்தான் ஒவ்வொரு தவணைக்கும் தனித் தோனோ, தனிக் காலிப்ரோ. இதை விளக்கிய பொறியாளர் கணினித் திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோவையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் தோசைக்கல் கண்ணில் வந்தது. இவர் திரையில் காட்டியதை அவர் ஒரு வரியில் சொல்லியிருந்தார்.

இந்த ஆலைகள் இப்போது மலையடிவாரத்து மண்ணை மட்டும் நம்பியிருக்கவில்லை. வெளிர் நிற போர்சிலின் டைலுக்கு வெள்ளைக் களிமண் வேண்டும். அதன் பெரும்பகுதி உக்ரைனின் டோன்பாஸ் பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2022இல் போர் மூண்டதும் அந்த மண் நின்றது. எரிவாயு விலையும் எகிறியது. பல ஆலைகள் சூளையை அணைத்துவிட்டு, கிடைத்த மண்ணுக்கு ஏற்றபடி கலவையை மாற்றி எழுதின. அடுக்களைச் சுவரில் அசையாமல் நிற்கிற ஒரு சதுரத்துக்குப் பின்னால் எத்தனை தேசத்து நிலம் இருக்கிறது!

என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "குஜராத் மோர்பியிலிருந்து வருகிற டைல் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறதே, இத்தாலி எதற்கு?" நியாயமான கேள்வி. மோர்பியின் பல ஆலைகளில் ஓடுகிற பிரஸ்ஸும் சூளையும் இத்தாலி இமோலா நகரத்து சாக்மியுடையவை. 1919இல் சில மெக்கானிக்குகளும் கொல்லர்களும் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. இயந்திரம் அவர்களுடையது, மண் எங்கெங்கோ இருந்து வருவது. நல்ல மோர்பி டைலை நான் தயங்காமல் போடுகிறேன். இத்தாலியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று என்று எனக்குப் புரிந்தது சஸ்ஸுவோலோவில் இல்லை, தெற்கே நேப்பிள்ஸ் வளைகுடாவில்.

காப்ரி தீவின் மேட்டில் அனகாப்ரி என்று ஓர் ஊர். அங்கே புனித மிக்கேல் தேவாலயம் எண்கோண வடிவில் இருக்கிறது. உள்ளே போனால் தரையில் கால் வைக்க முடியாது. சுவரோரமாகப் போட்டிருக்கிற பலகைமேல்தான் சுற்றிவர வேண்டும். தரை முழுக்க ஒரே படம்: ஏதேன் தோட்டம், ஆதாமும் ஏவாளும் வெளியேற்றப்படுகிற காட்சி. நேப்பிள்ஸ் மயோலிக்கா கைவினைஞர் லியோனார்தோ கியாயேஸே 1761இல் செய்தது. சுட்ட களிமண் சதுரங்களின்மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு. அது காய்ந்து மாவாக இருக்கும்போதே தூரிகையால் வரைய வேண்டும். பூச்சு நிறத்தை உடனே உறிஞ்சிவிடும், அழிக்க வழியில்லை. நம் கோலமாவாவது கை தவறினால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். இங்கே ஒரு கோடு பிசகினால் அந்த டைல் போனதுதான். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, ஊதாக் கருமைக்கு மாங்கனீஸ், மஞ்சளுக்கு ஆன்டிமனி. இந்த நாலைந்து தாதுக்களை வைத்துக்கொண்டு கண்ட விலங்கு, கேள்விப்பட்ட விலங்கு, ஒற்றைக்கொம்புக் குதிரை வரை எல்லாம் வரைந்திருக்கிறார்.

மேலே பாடகர் மாடத்துக்குச் சுழல்படி உண்டு. ஏறி நின்று பார்த்தேன். கீழே நின்றபோது கண்ணுக்குத் தெரிந்த டைல் ஜாயின்ட்கள் மேலிருந்து மறைந்துபோயின. ஒரு விலங்கின் கழுத்து ஒரு சதுரத்தில், தலை அடுத்த சதுரத்தில், காது இன்னொன்றில். சதுரத்தை எண்ணிப் படம் போடவில்லை அவர். தரை முழுவதையும் மனதில் விரித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் அதைச் சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்.

அங்கிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் சொரென்டோ. கடலுக்கு மேலே செங்குத்தான பாறை விளிம்பில் பார்க்கோ தேய் பிரின்சிபி என்ற ஹோட்டல் நிற்கிறது. 1962இல் கட்டி முடித்தது. கட்டடக் கலைஞர் ஜியோ பொன்டி. 1891இல் மிலானில் பிறந்தவர். மிலானின் பிரெல்லி கோபுரத்தை வடிவமைத்தவர், 'தோமுஸ்' பத்திரிகையை 1928இல் தொடங்கியவர். அதற்கும் முன்னால் இளமையில் ரிச்சர்ட் ஜினோரி பீங்கான் ஆலைக்குக் கலை இயக்குநராக இருந்தவர். பீங்கான் அவருக்குக் கைவழக்கம்.

சேர்த்துவைத்த காசில் ஓர் இரவு அங்கே தங்கினேன். நீலமும் வெள்ளையும் தவிர வேறு நிறம் அங்கே அதிகம் இல்லை. கடல், வானம், சுவர், திரைச்சீலை, தரை எல்லாம் அந்த இரண்டுக்குள்தான். பொன்டி இந்த ஹோட்டலுக்காக 20-க்கு 20 சென்டிமீட்டரில் 30 டிசைன் வரைந்தார். சலேர்னோவின் தகோஸ்தினோ ஆலை செய்து கொடுத்தது. அறைகள் 100. ஒரு அறையின் தரை இன்னொரு அறையில் வரக்கூடாது என்று அந்த முப்பதை வைத்தே நூறு தரைகளை அமைத்தார்.

அது எப்படி முடியும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை கோடிழுத்துப் பாதி நீலம், பாதி வெள்ளை ஆக்குங்கள். அதை நாலு விதமாகத் திருப்பி வைக்கலாம். இரண்டுக்கு இரண்டாக நாலு டைலைச் சேர்த்து வைத்தால் அந்த நாலும் தனித்தனியே திரும்பும். 4-ஐ நாலு தடவை பெருக்கினால் 256. ஒரே டிசைனில், நாலே டைலில், 256 வகை. சில வகையில் காற்றாடி வரும், சிலதில் வைரம், சிலதில் அலை. இனி முப்பது டிசைன், ஓர் அறைக்கு நூற்றுக்கணக்கான டைல் என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு எங்கேயோ போய்விடும்.

என் அறையில் விளக்கைத் தாழ்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அருகில் வைத்துப் பார்த்தால் நீலம் எல்லா டைலிலும் ஒரே நீலமாக இல்லை. விளிம்பில் கொஞ்சம் நீர்த்திருக்கிறது, நடுவில் தடித்திருக்கிறது. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். அங்கேயும் வரிசை தவறாமல் போகிறது. அன்றைக்கு நான் நினைத்தது என் தொழிலைப் பற்றி. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சுவருக்கு நிறம் முடிவாகி, கட்டில் வந்து, திரைச்சீலை தைத்த பிறகு, "தரைக்கு என்ன டைல் போடலாம்?" என்று வாடிக்கையாளரைக் கடைக்கு அழைத்துப்போவேன். கடையில் ஒரு டைலைச் சுவரில் சாய்த்துக் காட்டுவார்கள். அந்த ஒரு சதுரத்தைப் பார்த்து 1,100 சதுரடியை முடிவு செய்வோம். பொன்டி அறைக்குள் முதலில் தரையை வைத்தார். மற்றதெல்லாம் அதன்மேல் வந்து உட்கார்ந்தன.

அவர் டைலைத் தரையோடு விடவும் இல்லை. மிலானில் 1964இல் கட்டிய சான் பிரான்செஸ்கோ அல் ஃபொப்போனினோ தேவாலயத்தின் முகப்பு முழுக்கப் பீங்கான்தான். வைரம்போல நடுவில் கூம்பி நிற்கிற டைல்கள். மேகம் வந்தால் முகப்பு மங்கும், வெயில் வந்தால் ஒவ்வொரு டைலிலும் ஒரு பக்கம் மட்டும் மின்னும். முகப்பு தேவாலயத்தைவிட அகலமாக இரு பக்கமும் நீள்கிறது. அதில் விட்டிருக்கிற அறுகோணத் திறப்புகளுக்குப் பின்னால் அறை எதுவும் கிடையாது, வானம்தான் தெரிகிறது. மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1970இல் முடிந்த மொந்தேதோரியா கட்டடத்துக்குப் பச்சைப் பீங்கான். மழை பெய்து விட்டபோது நான் அதன் எதிரில் நின்றிருந்தேன். சுவர் கழுவிவிட்ட வாழையிலைபோல இருந்தது. பெயின்ட் அடித்த எந்தச் சுவரும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு மழையில் அப்படி நிற்காது.

பொன்டியின் அந்தக் கண் இத்தாலியில் இன்னும் இருக்கிறது. ஃபியோரானோவின் முதினா நிறுவனம் 2008இல் பத்ரீசியா உர்கியோலாவிடம் டைல் வரையச் சொன்னது. அவர் நிறத்தைத் தொடாமல், சரிகைப் பின்னல்போல மேடுபள்ளத்தால் மட்டும் வரைந்து கொடுத்தார். அதே நிறுவனத்துக்குப் புருலெக் சகோதரர்கள் வரைந்த 'பிகோ' வெறும் புள்ளிகள்: சில மேடாக, சில குழியாக. விரலால் தடவினால்தான் அது முழுதாகப் புரியும்.

இதற்கு நேரெதிராக இன்று கடைகளை நிறைத்திருப்பது மார்பிள்போல, மரம்போல அச்சடித்த டைல். இதிலும் இத்தாலியர்களுக்குப் பங்கு உண்டு. தவறென்று சொல்ல மாட்டேன். மலையைக் குடையாமல் மார்பிள் கிடைக்கிறது, எலுமிச்சைச் சாறு பட்டால் கறைபடாது. ஆனால் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. மண் மண்ணாக, பூச்சு பூச்சாக இருக்கும்போது டைலுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. அப்படியும் மார்பிள் அச்சுதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த டிசைனில் எத்தனை 'முகம்' என்று கேளுங்கள். ஒரே நரம்போட்டம் நாலு டைலுக்கு ஒரு தடவை திரும்ப வந்தால், முதல் வாரத்திலேயே கண் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு அது மட்டும்தான் தெரியும்.

வேலைக்கு உதவுகிற சில விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிரெஸ் போர்சலானாதோ என்று இத்தாலியர்கள் சொல்கிற போர்சிலின் டைலுக்கு உலக அளவில் ஒரே வரையறை: தண்ணீரை 0.5 சதவீதத்துக்குமேல் உறிஞ்சக் கூடாது. ஒரு கிலோ டைல் 5 கிராமுக்குமேல் குடிக்காது. சுவருக்கென்று செய்கிற டைல் 100 கிராமுக்கு மேலேயும் குடிக்கும். அழகாக இருக்கிறதே என்று சுவர் டைலை முற்றத்தில் போட்டு, அது உடைந்து நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும். போர்சிலின் தண்ணீர் குடிக்காது என்பதால் வெறும் சிமென்ட் பாலும் அதைப் பிடித்துக்கொள்ளாது. அதற்கென்று விற்கிற டைல் பசைதான் வேண்டும். இரண்டு வருடத்தில் டைல் எழும்பிவிட்டது என்று வருகிற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

ஒரு வீட்டில் பாட்டி என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரிதான் கண்ணு, தண்ணி பட்டா வழுக்குமா?" மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி அது. ஜெர்மானிய முறை ஒன்று இதற்கு இருக்கிறது. சாய்பலகையில் டைலை ஒட்டி, எண்ணெய் ஊற்றி, ஓர் ஆளை ஷூ போட்டு நடக்கவிட்டுச் சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அவர் தடுமாறுகிற கோணத்தை வைத்து ஆர்9 முதல் ஆர்13 வரை எண் கொடுப்பார்கள். கூடத்துக்கு ஆர்9 போதும். துணி துவைக்கிற இடம், மழைச்சாரல் விழுகிற திண்ணை என்றால் நான் ஆர்11-க்குக் கீழே இறங்குவதில்லை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனிச் சோதனை உண்டு. குளியலறைக்கு பி வாங்குங்கள். பாட்டி வீட்டுக் குளியலறைக்கு அதைத்தான் போட்டேன்.

ராட்சதப் பலகைகளைப் பற்றியும் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு மீட்டருக்கு மூன்று மீட்டர் அகலநீளத்தில், மூன்றே மில்லிமீட்டர் தடிமனில் பீங்கான் பலகை செய்ய ஃபியோரானோவைச் சேர்ந்த ஃபிராங்கோ ஸ்தெஃபானி வழி கண்டுபிடித்தார். அதற்காக 2001இல் தொடங்கியதுதான் லாமினாம் நிறுவனம். அதற்குப் பிறகு டைல் என்பது கதவுக்கும் சமையல் மேடைக்கும் கட்டட முகப்புக்கும் போர்த்துகிற தோல் மாதிரி ஆகிவிட்டது. போன வருடம் ஓர் அடுக்களைச் சுவருக்கு 120-க்கு 240 சென்டிமீட்டர், ஆறு மில்லிமீட்டர் பலகை ஒட்டினோம். எடை 40 கிலோவுக்கு மேல். உறிஞ்சு கைப்பிடிகள் வைத்த சட்டத்தில் மாட்டி நாலு பேர் தூக்கினார்கள். மேஸ்திரி பல்வைத்த கரண்டியால் சுவரிலும் பசை இழுத்தார், பலகையின் முதுகிலும் இழுத்தார். இரண்டிலும் கோடுகள் ஒரே திசையில், நேராக. புதிதாக வந்த பையன் சுழற்றிச் சுழற்றி இழுத்தபோது அவனை நிறுத்தினார். "கோலம் போடாதே தம்பி. காத்து எந்தப் பக்கம் போகும்?" நேர்க்கோடு என்றால் அமுக்கும்போது காற்று கோட்டோடு வெளியே போய்விடும். சுழித்து இழுத்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு என்றோ ஒருநாள் அந்த வெற்றிடத்துக்கு நேர்மேலே ஒரு பாத்திரம் இடித்தால் பலகை விரிசல் விடும். ஒட்டியதும் மரக்கட்டையால் தட்டிக்கொண்டே போய், காதை வைத்துக் கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே சத்தம் வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கப் போனார்.

இப்போது எந்த வேலையிலும் நான் பூச்சு வேலைக்கு முன்பே தரையை வரைந்துவிடுகிறேன். பீளமேட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீடு கட்டினார். புத்தகம் படிக்கிற அறைக்கு மட்டும் பொன்டியின் நீலம் வேண்டும் என்றார். சலேர்னோ பக்கத்து ஆலை ஒன்று அந்த வரைபடங்களை இன்றும் செய்து தருகிறது. வீடு முழுக்கப் போடக் கட்டுப்படியாகாது, ஓர் அறைக்குத் துணிந்தார். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி.

கணக்குப் போட்டேன். பதினைந்து டைல் 300 சென்டிமீட்டர். நடுவில் பதினான்கு ஜாயின்ட், ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் என்றால் 2.8. சுவரோரம் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட்டால் 304.8. சரியாகப் பத்தடி. நீளவாக்கில் பதினெட்டு டைலுக்கும் அப்படியே போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டடிக்கு நாலு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. வெளியே விட்ட ஒரு சென்டிமீட்டரை ஸ்கர்ட்டிங் மூடிக்கொள்ளும். தரை வெயிலில் விரிய அந்த இடைவெளி வேண்டியதும்தான். சுவர் பூசுகிறவரிடம் போய், பூச்சுக்குப் பிறகு அறை இந்த அளவில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "தரைக்காகச் சுவரா?" என்று அவர் என்னைப் பார்த்தார். மூலைமட்டமும் நூலும் வைத்து மூன்று தடவை சரிபார்த்துப் பூசிக் கொடுத்தார்.

270 டைல், மேலே இருபது உபரி. எல்லாப் பெட்டியிலும் ஒரே தோனோ, ஒரே காலிப்ரோ. நானே ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்று நாள் ஒன்றையும் ஒட்டவில்லை. தரையில் அப்படியே பரப்பினோம். ஒரே டிசைன்தான், திருப்புவதில்தான் எல்லாம். டீச்சரம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த ஜன்னலுக்குக் கீழே மூணாவதைத் திருப்பிப் பாருங்க தம்பி" என்பார். மேஸ்திரி திருப்புவார். "வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்." மறுபடி திருப்புவார். மூன்றாம் நாள் சாயங்காலம் வெயில் சாய்ந்து வந்து தரை முழுக்க விழுந்தது. நான் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன். எங்கேயும் கோடு விழவில்லை. ஒவ்வொரு டைலின் முதுகிலும் எண் எழுதி, வரைபடத்திலும் அதே எண்ணைப் போட்டு அடுக்கி வைத்தோம்.

நாலாம் நாள் நடுவில் நூல் பிடித்து ஒட்ட ஆரம்பித்தார். ஆறாம் நாள் மதியம் கடைசி வரிசை. பதினெட்டாவது டைலை வைத்து, ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு தட்டி, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். சுவருக்கும் டைலுக்கும் நடுவே சுண்டுவிரல் நகம் நுழைகிற இடைவெளி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை. மேஸ்திரி எழுந்து போய், காலையிலிருந்து ப்ளக்கில் மாட்டியிருந்த கட்டரைக் கழற்றி, ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். அந்த அறைக்கு அது ஒரு தடவைகூடச் சுற்றவில்லை.